பித்தளைக்கூடு பறித்த படலம்

வாழ்க கூவலேர வீட்டுக் குலக்கொழுந்து! வாழ்க, காப்பிப்பூ மணக்கும் சரிவுகளுக்கும், மிளகுக்கொடி தழுவிய மரங்களுக்கும், வேலி தாண்டி மேய்வதையே விரதமாகக் கொண்ட பசுக்களுக்கும் ஒருங்கே அதிபதியாகிய பூவையா! குடகுமலைச் சாரலில் தோரக்குந்து என்னும் ஊரிலே, கருங்குப்பாயமாகிய நீள் அங்கி தரித்து, செம்பட்டுக் கச்சை வரிந்து, கச்சையிலே வெள்ளிப்பிடிக் குறுங்கத்தி செருகி, மீசையின் இரு முனைகளையும் வானோக்கி முறுக்கியவாறு அவ்வேந்தல் நடந்துவந்தால் தெருநாய்கள் எழுந்து வழிவிடும். காட்டுயானையே எதிர்ப்பட்டாலும் ஒருகணம் நின்று யோசிக்கும். போன மழைக்கு முன் அப்படி யோசித்த யானை ஒன்று கடைசிவரை நகராமல் நின்றுவிட, அவர்தான் பலாமரத்தில் ஏறவேண்டியதாயிற்று.

அன்னாரே ஒரு விரல்நீளப் பித்தளைத் துண்டோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தேன். சொல்லுக்கு அதிபதியாகிய கலைமகளே, என் நாவில் வந்து அமர்க! இடியைக் கருவில் சுமக்கும் இரும்புக்குழல்களே, செவி சாய்த்திடுக! பந்தலுக்குப் பின்னே அகன்ற பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்த பன்றிக்கறியே, நீயும் சற்றுப் பொறுத்தருள்க! அன்று எனக்கு நல்ல பசி.

நாற்று நட்ட கை ஓய்ந்து, மழை தன் முரசை மெல்லத் தாழ்த்திய அந்நாளில் வந்தது கைல்போள்து என்னும் ஆயுதத் திருநாள். மாரிக்காலம் முழுதும் பூசையறையில் உறங்கிக் கிடந்த துப்பாக்கிகளும் வாள்களும் துயிலெழுந்து, குத்துவிளக்கின் முன் அணிவகுத்து, சந்தனப் பொட்டிட்டு, செங்காந்தள் சூடி நிற்கும் நாள் அது. அந்தச் செங்காந்தளுக்குக் குடகர் இட்ட பெயரே தோக்குப்பூ, அதாவது துப்பாக்கிப்பூ, அவ்வளவு சொந்தம். பூசை முடிந்ததும் ஊர்ப்பசும்புல்வெளியில் எல்லாரும் கூடி, உயர்ந்த மரத்தின் உச்சியில் தேங்காயைக் கட்டிச் சுடுவார்கள்.

கூவலேர வீட்டு அணிவகுப்பின் நடுநாயகமாகத் திகழ்ந்தது பூவையாவின் தந்தை விட்டுச்சென்ற துப்பாக்கி. புலி உறுமலைக் கேட்ட குழல். பன்றி பலவற்றின் ஆயுளை முடித்த விசை. தந்தையின் தாடை தேய்த்துத் தேய்த்து மெருகேறிய தேக்குக்கட்டை. பூவையா பிறந்தபோது, ஆண்மகவு வந்தது என்று ஊருக்கு அறிவிக்க முற்றத்தில் முழங்கியதும் அதுவே. உலகில் அவர் கேட்ட முதல் ஓசை அதனுடையது என்பதால், அதன்மேல் அவருக்கு இருந்த பாசத்தில் வியப்பில்லை. அதைத் துடைக்கையில் அவர் அதனோடு பேசுவார்.

பிறர் தத்தம் துப்பாக்கியின் கட்டையில் ஒரு பொட்டு, முனையில் ஒரு பூ என்று நிறுத்திக்கொண்டனர். பூவையாவின் பக்தியோ கரை கண்டதில்லை. மூர்த்திக்கு எண்ணெய்க்காப்பு உண்டெனில் இத்தெய்வத்துக்கு ஏன் இல்லை என்று உள்ளம் உருகி, பின்புறத் தாழைத் திறந்து, தோட்டா சென்று அமரும் அந்தரங்கக் கருவறைக்குள்ளேயே உத்தரணியால் தேங்காயெண்ணெயை மொண்டு மொண்டு வார்த்தார். அவர் மனைவி சோண்டம்மா கையில் மாவோடு வந்து எட்டிப்பார்த்தாள்.

"ஏங்க, அது துப்பாக்கியா, நூல்புட்டு பிழியற அச்சா? எதுக்கு இம்புட்டு எண்ணெய்?"

"சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்ணாத. நீ போய் அடுப்பைப் பாரு."

அந்நேரத்தில் வாயிலை நிறைத்து வந்து நின்றான் மணிமுண்ட வீட்டுச் சோமையா. சோண்டம்மாவின் உடன்பிறந்த தம்பி, பூவையாவைப் பாவா என்றழைக்கும் மைத்துனன், தேங்காய்களின் காலன், சில ஆண்டுகளாகவே அவ்வூர்ப் போட்டியில் வேறெவருக்கும் வாய்ப்புத் தராத குறிதவறாக் கண்ணன். சிரிப்பை அடக்கும் பழக்கம் அவனுக்கு என்றுமே இருந்ததில்லை.

"பாவா, இந்த வருசத் தேங்காயைச் சட்னி அரைக்கட்டுமா, குழம்புல போடட்டுமான்னு அக்காகிட்டக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

எரிமலை வெடித்தது. மீசை துடிக்க, குப்பாயம் புடைக்க, விளக்கை நோக்கி வலக்கரம் நீட்டி முழங்கினார் எம் தலைவர்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னிக்கு என் குண்டுல அந்தத் தேங்காய் உடையலைன்னா, எங்கப்பா துப்பாக்கி இந்தச் சோமையாவுக்கு! இந்த விளக்கு சாட்சி!"

ஆயுதத் திருநாளில், ஆயுதங்களின் முன், எரியும் விளக்கைச் சாட்சி வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்கிய குடகன் அவ்வூரில் இல்லை. சொன்ன அக்கணமே பூவையா துப்பாக்கியை ஓரக்கண்ணால் பார்த்தார். சோண்டம்மா மாவுக்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

சவால் ஊரெங்கும் பரவ, களம் கூடியது. வானளாவிய மரத்தின் முடியிலே, மேகத்தின் மூக்குத்திபோல் ஆடிக்கொண்டிருந்தது அந்தத் தேங்காய். வீட்டுக்கு இரண்டு குண்டு என்பது விதி. வீடு வீடாக வந்து, மண்டியிட்டும் நின்றும், ஒரு கண் மூடியும் சிலர் பதற்றத்தில் இரு கண்ணும் மூடியும் சுட்டனர். இலைகள் உதிர்ந்தன, கிளையொன்று முறிந்தது, தொலைவில் யாருடைய தகரக்கூரையோ ஓலமிட்டது. தேங்காய் மட்டும் கன்னி கழியாமல் ஆடிக்கொண்டிருந்தது. இறுதியில் எஞ்சியவர் இருவர். சோமையா முதல் குண்டைச் செலுத்தினான். அது மட்டையை உரசிக்கொண்டு போயிற்று. கூட்டம் 'ச்சே' என்றது.

அடுத்து எழுந்தார் பூவையா. திசைகள் நடுங்கின என்று எழுத ஆசைதான். நடுங்கியது அவருடைய முழங்கால். தந்தையின் தாடை பதிந்த இடத்தில் தன் தாடை பதித்து, மூச்சை இழுத்து, பாதி விட்டு, விசையைத் தொட்டார். வழக்கமாக அத்துப்பாக்கி சிங்கம்போல் கர்ச்சிக்கும். அன்றோ தொண்டை கட்டிய கிழவனைப்போல் ஒரு விதமாக இருமியது. குண்டு விண்ணுலகம் சென்றது. சூடான காற்று அவர் கன்னத்தில் அறைந்தது. தாழைப் பின்னிழுத்தார். முழுத் தோட்டாக்கூடு துள்ளி விழவேண்டிய இடத்தில், வட்டமாய், சிறிதாய், சட்டைப் பொத்தானைப்போல் அதன் அடித்தகடு மட்டும் புல்லில் விழுந்தது.

உடல் உள்ளேயே இருந்தது! இடுப்பொடிந்த அப்பித்தளைக்கூடு, தலையைப் பகைவனிடம் எறிந்துவிட்டு, குழலின் அடியறையில் கதவைச் சார்த்திக்கொண்டு அமர்ந்துவிட்டது. இன்னது நிகழ்ந்தது என்று அறியாத பூவையா இரண்டாம் தோட்டாவைச் செலுத்த, அது பாதி வழியில் முட்டி நின்றது. தாழ் மூட மறுத்தது. மீண்டும் தள்ளினார், மீண்டும் மறுத்தது. கடைசியில் அந்தத் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே மஞ்சளாய் மின்னியது.

நடுவர் சுபேதார் நாணையா நாற்காலியை விட்டு எழுந்தார். பட்டாளத்தில் பாதி ஆயுளும், பட்டாளக்கதை சொல்வதில் மீதி ஆயுளும் கழித்த முதுவேங்கை அவர். கைத்தடியைத் தரையில் ஊன்றி, ஊருக்கே கேட்கும்படி தீர்ப்பு வழங்கினார்.

"இரவல் துப்பாக்கி கிடையாது! அவனவன் வீட்டுத் துப்பாக்கிதான்! அடுப்புல கடம்புட்டு வெந்து இறங்குற வரைக்கும் டயம். அதுக்குள்ள உன் துப்பாக்கி வாயைத் திறக்கலைன்னா தேங்காய் சோமையாவுக்கு. அப்புறம் காலையில நீ விட்ட சவாலும் ஞாபகம் இருக்கட்டும், பூவையா."

கடம்புட்டு என்பது உடைத்த அரிசியில் உருட்டி ஆவியில் வேகவைக்கும் வெண்ணிற உருண்டை. வேகாத கடம்புட்டும் வெந்த கடம்புட்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. ஆக, தந்தையின் துப்பாக்கி எவருக்கு என்னும் வழக்கு, அன்று பந்தல் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்த சோண்டம்மாவின் ஆவிப்பானைக்குள் போய் அமர்ந்தது. பூவையா பந்தலின் பின்புறம் நோக்கினார். அங்கே சமையற்கொட்டகையில் அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

தொடங்கியது முற்றுகை! முதற்கண், இடைக்கச்சையினின்று வெள்ளிப்பிடிக் கத்தி உருவப்பட்டது. முன்னோர் பகைவரை வெருட்டிய அப்படை, வாயிலிலேயே அகலம் போதாமல் நின்றது. அடுத்து, யாரோ கொடுத்த குடையின் கம்பியை முறித்து, முனையை வளைத்து, அதைக் கொக்கியாக உள்ளே அனுப்பினார். அது கூட்டின் உட்சுவரைக் கீறிக் கீச்சிட்டு, வெறுங்கையோடு திரும்பியது. பிறகு, துடைக்கும் நீள்கம்பியைக் குழலின் முன்வாயால் இறக்கிப் பின்பக்கமாகத் தள்ளிவிடலாம் என்று வியூகம் வகுத்தார். ஆனால் கூட்டுக்கோ அடித்தகடு இல்லை; இருபுறமும் திறந்த அக்குகைக்குள் கம்பி ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வந்து, சுகமாயிருக்கிறீரா என்று கேட்பதுபோல் எட்டிப்பார்த்தது. இறுதியில், காசை விழுங்கிய குழந்தையைத் தட்டுவதுபோல் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினார். ஒரு செங்காந்தள் இதழ் விழுந்தது.

கூட்டம் ஆலோசனை மழை பொழிந்தது.

"சூடு காட்டுங்க, தானா வரும்!"

"சூடா? ஐஸ் வைக்கணும்யா!"

"இன்னொரு தடவை சுட்டா எல்லாம் சேர்ந்து வந்துடும்."

"வரும், உன் மூக்கும் சேர்ந்து வரும்."

சுபேதார் வந்தார். சுண்டுவிரலை அடியறைக்குள் விட்டார், எடுத்தார், முகர்ந்தார். முகம் கோணியது.

"டேய் பூவையா, நீ தோட்டா போட்டியா, தாளிச்சியா?"

களமே குலுங்கியது. சோமையா புல்லில் உட்கார்ந்து சிரித்தான்.

"சாமிக்கு... காப்பு..." என்றார் எம் தலைவர்.

"மடையா! சுட்டதும் பித்தளை உப்பி, சுவரைக் கெட்டியாப் பிடிச்சு நிக்கணும். நீ எண்ணெயை ஊத்தி வழுக்க விட்டா அடி அம்புட்டும் பின்பக்கம் பாயும். இடுப்பு ஒடியாம என்ன செய்யும்? உன் கண்ணு தப்பினதே உங்கப்பன் புண்ணியம்."

அங்ஙனம் பக்தியே பகையாய் முடிந்தமை வெளிப்பட்டது. தெய்வத்தை அளவுமீறிக் குளிப்பாட்டினால் தெய்வத்துக்கும் சளி பிடிக்கும்போலும். பூவையா வெட்கத்தில் மீசையைக் கீழ்நோக்கித் தடவிக்கொண்டார்.

இதற்குள் பந்தலின் பின்னிருந்து வெந்த அரிசியின் வாசம் தவழ்ந்து வந்து, போரில் நாட்டமிழந்த பலரைத் தன்பக்கம் ஈர்த்தது. நானும் அவர்களில் ஒருவன். அடுப்பங்கரையில் யாரோ கேட்டார்கள்.

"சோண்டம்மக்கா, வெந்துருச்சா?"

"இல்ல."

சற்றுப் பொறுத்து மீண்டும்: "இப்ப?"

"நடுவுல இன்னும் மாவா இருக்கு."

அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடியதை நான் கண்ணால் கண்டேன். உருண்டைகள் ஒவ்வொன்றும் வெந்து, மேல்தோல் வெடித்து, போதும் போதும் என்று வாய்விட்டுச் சொல்லாத குறையாகக் கிடந்தன. காலத்தை நிறுத்திய தேவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பானைமூடியால் நிறுத்தியவளை அன்றுதான் பார்த்தேன். அவள் என்னை முறைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

சோமையா எழுந்து தன் ஜீப்புக்குப் போனான். திரும்பி வருகையில் அவன் கையில் இருந்தது, காப்பிச்செடிக்கு மருந்தடிக்கும் குழாயைக் கழுவும் கம்பிப் பிரஷ். பித்தளை முள்ளெல்லாம் சிலிர்த்து, முள்ளம்பன்றிக்குட்டி குச்சியில் ஏறியதுபோல் இருந்தது.

"பாவா, முதல்ல அந்த எண்ணெயைத் துடைங்க. இந்தாங்க."

"நீ எதுக்கு எனக்கு உதவி பண்ற?"

"துப்பாக்கி இல்லாத ஆளை ஜெயிச்சேன்னு நாளைக்கு ஊரு சிரிக்கக் கூடாது பாருங்க."

பூவையா பிரஷைப் பின்வாயால் நுழைத்தார். அது இறுகியது. தள்ளினார், முனகிக்கொண்டு போயிற்று. இன்னும் தள்ளினார், ஏதோ ஒடுங்கிய கழுத்தைத் தாண்டி 'சரக்' என்று அப்பால் சென்றது. துடைத்தாயிற்று என்று பின்னிழுத்தார். வரவில்லை. இரு கையாலும் இழுத்தார். பிரஷின் மரப்பிடி மட்டும் கழன்று, அவர் மல்லாக்க விழுந்தார்.

ஐயகோ! அகத்தே இருந்த பகைவன் ஒருவன், இப்போது இருவர். கூடு போதாதென்று குத்தும் முள்ளும் குடியேறிற்று. வெல்லவந்த வீரனே படையனுப்பி எதிரிக்குத் துணைசேர்த்த விந்தையை என்னென்பேன்! கூட்டம்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டது.

பூவையா மரத்தடியில் அமர்ந்தார். துப்பாக்கியை மடியில் கிடத்தினார். இங்கே என் அடுக்குமொழிகள் கொஞ்சம் ஒதுங்கி நிற்கட்டும். ஏனெனில் அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அவருடைய தந்தை இறந்த அன்று, குடகர் வழக்கப்படி சாவுக்கு ஒலிக்கவேண்டிய இரட்டை வெடியை இதே துப்பாக்கியால் சுட்டவர் அவர்தான். அன்று அழாதவர் இன்று கருங்குப்பாயத்தின் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சோமா," என்றார் மெதுவாக. "நீ எடுத்துட்டுப் போனப்புறம், எப்பவாச்சும் வந்து பாக்க விடுவியா?"

சோமையாவின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவன் எதிரே குந்தி உட்கார்ந்து, பாவாவின் முகத்தையும் துப்பாக்கியையும் மாறிமாறிப் பார்த்தான்.

"எழுந்திருங்க பாவா. இன்னும் முடியல."

எழுந்தனர் இருவரும்! பகைவர் தோள்சேர்ந்த அக்காட்சியைக் காண வானவர் வரவில்லையெனினும், பந்தல்காரர் வந்து முளையடிக்கும் மரச்சுத்தியைத் தந்தார். சோமையா துப்பாக்கியைச் சாய்த்து இறுகப் பிடித்தான். பூவையா முன்வாயால் நீள்கம்பியை இறக்கினார். முன்னர் வெறுங்குகையில் உலாப்போன கம்பி, இம்முறை பிரஷின் தலையில் சென்று முட்டியது. சுத்தியால் ஒரு தட்டு. ஒன்றுமில்லை. இன்னொரு தட்டு. முனகல். பூவையா கண்ணை மூடி, தந்தை பெயரை வாய்க்குள் சொல்லி ஓங்கி ஒன்று கொடுத்தார்.

'டங்!'

புல்லில் வந்து விழுந்தது பிரஷ்; அதன் இடையிலே, திருமணப் பெண்ணின் பாவாடைபோல், முழுதாய், மினுக்காய், எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றது பித்தளைக்கூடு. கூட்டின் ஒடுங்கிய கழுத்தைத் தாண்டிப் போன முட்கள் அப்பால் விரிந்து, திரும்பும்போது அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டிருந்தன. எண்ணெய் துடைக்கப் போன பிரஷ், எவரும் திட்டமிடாமலே கோட்டையைப் பிடித்து வந்துவிட்டது.

ஆர்ப்பரித்தது களம்! கொம்பு ஊதினார்கள், துடி அடித்தார்கள். அந்தக் கூட்டைத் தட்டில் வைத்து ஊர்வலமாகச் சுற்றி வந்தார்கள். சுபேதார் அதை வாங்கி ஊதிப்பார்த்தார்; விசில் வந்தது. இரண்டு பெரியவர்கள், தாங்கள்தாம் சூடு காட்டச் சொன்னோம் என்றும், ஐஸ் வைக்கச் சொன்னோம் என்றும் இப்போதும் சண்டையிட்டுக்கொண்டிருந்தனர். அடுப்பங்கரையிலிருந்து சோண்டம்மாவின் குரல் ஓங்கி ஒலித்தது.

"கடம்புட்டு வெந்துருச்சு! இறக்கப் போறேன்!"

சுபேதார் ஒற்றைப் புருவம் உயர்த்தினார். ஆனால் தீர்ப்பில் கைவைக்கவில்லை, அவருக்கும் பசி.

அடியறையைத் துணியால் துடைத்து, சட்டைப்பையிலிருந்த தோட்டாவைச் செலுத்தினார் பூவையா. தாழ் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் மூடியது. மலையே மௌனம் காத்தது. காப்பிச்செடிகள் காது நிமிர்த்தின. தந்தைமார், தந்தைமாரின் தந்தைமார் யாவரும் மேகவிளிம்பில் வந்து குனிந்து நின்றனர். ஏந்தினார், இலக்கைக் கண்டார், இமை சுருக்கினார், தீண்டினார். சிங்கம் கர்ச்சித்தது! பழைய குரல், தெளிந்த குரல். எதிர்மலை வாங்கித் திருப்பிச் சொன்ன குரல்! குண்டு தேங்காய்க்கு வலப்புறக் காற்றை அற்புதமாகப் பிளந்து சென்றது.

தேங்காய் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது.

சோமையா தன் இரண்டாம் குண்டோடு வந்து நின்றான். நெடுநேரம் குறிவைத்தான். பாவாவுக்காக வேண்டுமென்றே தவறவிடுவான் என்று நான் நினைத்தேன், பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் ஆயுதத் திருநாளில் பொய்யாகச் சுட அவனுக்குக் கை வராது. தேங்காய் வெடித்துச் சிதறி, இளநீர் மழையாய் இறங்கியது.

பூவையா சோமையாவை நோக்கி நடந்தார். துப்பாக்கியை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டையின் மெருகை உள்ளங்கையால் தடவினார். இரு கையாலும் நீட்டினார். சொன்ன சொல் காத்து நின்ற அவர், எனக்கு அந்நேரத்தில்தான் உண்மையான பெருவீரராகத் தெரிந்தார். சோமையா இரு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். பிறகு, தன் வீட்டார் நின்ற பக்கம் போகாமல் நேராக அடுப்பங்கரைக்குப் போனான்.

"அக்கா, உன் கல்யாணத்துக்கு அப்பா பசு குடுத்தாரு, மாமா வெள்ளி குடுத்தாரு. நான் அப்ப ஒண்ணும் குடுக்கல. தம்பி குடுக்கறேன், வெச்சுக்க."

சோண்டம்மா கரண்டியை வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துப்பாக்கியை வாங்கிச் சுவரோரம் பத்திரமாகச் சாத்தினாள். பிறகு திரும்பி, வாசலில் நின்ற கணவனைப் பார்த்தாள்.

"என்ன பாத்துட்டு நிக்கறீங்க? கை கழுவிட்டு வாங்க, ஆறிடும்."

வெஞ்சமர் முடிந்தது, வெற்றிமுரசு ஓய்ந்தது, மலைமகளிர் இலை விரித்தனர், மாவீரர் வரிசையில் அமர்ந்தனர், தலைமுறை கண்ட இரும்புக்குழலோ தன் புதிய தலைவியின் பின்னே, ஆவி படர்ந்த சுவரில் சாய்ந்து, களைப்பாறியது.

இப்போதெல்லாம் பூவையாவுக்குத் துப்பாக்கி வேண்டுமென்றால் பெண்டாட்டியிடம்தான் கேட்கவேண்டும்.